பாகம் பிரியாத வீடு

ஏப்ரல் 12
பூட்டிக் கிடந்த வீட்டை இன்று திறந்தோம். இதன் வரலாற்றை எழுத உட்கார்ந்தால், உரிமையாளர் யார் என்ற முதல் கேள்விக்கே ஒரு பெயரைச் சொல்ல முடியவில்லை. செட்டிநாட்டு வீடுகளின் இயல்பு அது. வளவு என்னும் நடுமுற்றத்தைச் சுற்றிலும் அறைகள். மணமான ஒவ்வொரு மகனுக்கும் ஓர் அறை. தனிக்குடித்தனமாக வேறு வைத்த பிறகு அந்தத் தம்பதிக்கு அடுப்பும் கணக்கும் தனி. குலக்கோயில் ஏட்டில் அவர்கள் ஒரு புள்ளி, அதாவது ஒரு குடும்பக் கணக்கு. வீட்டின் முன்பகுதியான முகப்பும் கூடமான பட்டாலையும் எல்லோருக்கும் பொது. தலைமுறைகள் பெருகி, இன்று ஓர் அறைக்கே பல பங்காளிகள்.

ஏப்ரல் 13
பெட்டகத்தில் ஐயா (தாத்தா) காலத்துப் பேரேடு கிடைத்தது. பர்மாவில் நெல் சாகுபடிக்குக் கொடுத்த கடன்கள்தான் பக்கம் பக்கமாக. தேக்குத் தூண்களின் பெருமையைப் பேசும் நாம், அங்கே ஐராவதி ஆற்றுப் பகுதியில் கடன் வாங்கிய உழவர்களைப் பற்றிப் பேசுவதில்லை. உலகப் பொருளாதாரப் பெருமந்தத்தில் நெல் விலை சரிய, கடன் அடைக்க முடியாதவர்களின் நிலம் கைமாறியது. கீழ்ப் பர்மாவின் முக்கிய நெல் மாவட்டங்களில் 1930இல் சுமார் 6 விழுக்காடாக இருந்த செட்டியார் நிலம், 1930களின் இறுதிக்குள் கால்வாசியானது. அந்த வேதனையும் இந்தச் சுவர்களுக்குள் இருக்கிறது. அதை மறைத்து எழுத மாட்டேன்.

1941 டிசம்பரில் ரங்கூனில் குண்டு விழுந்தது. தப்பியவர்களில் பலர் காடும் மலையும் கடந்து நடந்தே வந்தார்கள். பர்மாப் பணம் நின்றுபோய்ப் பின்கட்டு மாடி பாதியில் நின்றது அப்போதுதான் என்று அப்பத்தா சொல்வார்கள்.

ஏப்ரல் 15
கொத்தனார் சுவரைத் தட்டிப் பார்த்தார். சிமெண்ட் பூசினால் ஈரம் உள்ளேயே தங்கிச் செங்கல் உதிரும், சுண்ணாம்புதான் வேண்டும் என்றார். அப்படியே செய்யச் சொன்னேன்.

ஏப்ரல் 19
பங்காளிகள் கூடினோம். தூண்களையும் நிலைக்கதவையும் காரைக்குடிப் பழம்பொருள் கடைகளுக்கு விற்றுப் பணத்தைப் பிரித்துக்கொள்ளலாம் என்றார் சித்தப்பா. எனக்குப் பதறிவிட்டது. உலகப் பாரம்பரியச் சின்னங்களுக்கான யுனெஸ்கோவின் உத்தேசப் பட்டியலில் 2014இல் செட்டிநாட்டு ஊர்கள் இடம்பெற்றன. ஆனால் அந்தப் பட்டியல் எந்தக் கடப்பாரையையும் தடுக்காது. தடுப்பது பங்காளிகளின் கையெழுத்துதான். ஒருவர் மறுத்தாலும் வீட்டை முழுதாக விற்க முடியாது. இத்தனை காலம் வீடு நின்றது அந்தச் சிக்கலால். கூரை ஒழுகுவதும் அதனால்தான்.

ஏப்ரல் 20
நேற்றுக் கூட்டத்தில் எழுதிய பங்குதாரர் பட்டியலில் அத்தைகள் ஒருவர் பெயரும் இல்லை. பாகம் பிரியாத பூர்வீகச் சொத்தில் மகளுக்கும் சமபங்கு என்று இந்து வாரிசுரிமைச் சட்டத்தின் 2005 திருத்தம் சொல்கிறது. பெரிய அத்தையிடம் பேசினேன். "கதவைக் கழற்ற நான் கையெழுத்துப் போட மாட்டேன், கூரைக்கு என்ன தர வேண்டும் சொல்" என்றார்கள். பெயர்களைச் சேர்த்துப் பட்டியலைத் திருத்தி எழுதிக்கொண்டிருக்கிறேன்.