காகிதப்பூவைப் பட்டினி போட்ட கதை

மொட்டைமாடியில் பெரிய தொட்டி இரண்டு. ஒன்றில் ஒட்டு எலுமிச்சை, மற்றதில் காகிதப்பூ. பந்தியில் பாகுபாடு கூடாதென்று இரண்டுக்கும் ஒரே அளவு தண்ணீர், ஒரே கடலைப் புண்ணாக்குக் கரைசல். எலுமிச்சை காய்த்தது. காகிதப்பூ ஆளுயரத்துக்கு இலையாகவே வளர்ந்தது. தழைச்சத்து மிஞ்சினால் அது அப்படித்தான்.

சித்திரையில் ஒரு வாரம் ஊருக்குப் போய்விட்டேன். திரும்பினால் எலுமிச்சைப் பிஞ்செல்லாம் தரையில். வயிறு எரிந்தது. காகிதப்பூவோ சில வாரத்தில் கிளைதோறும் சிவந்து நின்றது! (அந்தச் சிவப்பு பூவே அல்ல, நிறம் மாறிய இலைகள். நடுவிலுள்ள சிறு வெள்ளைக் குழல்தான் பூ.)

இப்போது எலுமிச்சைக்குக் கோடையில் தினமும் தண்ணீர், மாதமொரு முறை மட்கிய சாணம். ஒட்டுக்குக் கீழே கிளம்பும் போத்துகளை மட்டும் கிள்ளுகிறேன். காகிதப்பூவுக்கு மண் நன்றாகக் காய்ந்த பிறகே தண்ணீர். பூத்து முடிந்ததும் தாராளமாக வெட்டு. புதுத்தளிரில்தானே பூக்கிறது.

எலுமிச்சை இலையில் பறவை எச்சம்போல் ஒட்டியிருப்பவை வண்ணத்துப்பூச்சிப் புழுக்கள். கொல்ல மனம் வரவில்லை. கறிவேப்பிலையும் தின்னும் என்பதால் கீழேயுள்ள செடிக்கு மாற்றிவிடுகிறேன். அம்மாவுக்கு இன்னும் தெரியாது.