கச்சான் காற்றும் 3.8 கிகாஹேர்ட்ஸும்

ஆகஸ்ட் 4
தங்கச்சியின் படங்களுக்கு மலிவான கணினி ஒன்று தேடுகிறேன்; அதன் சிப்பை (செயலியை) விதித்த வேகத்துக்கு மேல் ஓட்டவும், அதாவது ஓவர்குளொக் பண்ணவும், ஆசை. பிற்பகலில் அறைக்குள் 34 பாகை. தென்மேற்கிலிருந்து வீசும் வரண்ட கச்சான் காற்று ஓயவில்லை. விசிறிக் காற்றால் குளிர்விக்கும் எந்தக் கூலரும் சிப்பை அறை வெப்பத்துக்குக் கீழே இறக்காது. ஆகவே, வெளிநாட்டவர் குளிரூட்டிய அறையில் அளந்து சொல்லும் வெப்பநிலையோடு பத்துப் பாகையாவது கூட்டித்தான் மட்டக்களப்பில் வாசிக்க வேண்டும்.

ஆகஸ்ட் 5
திருமலை வீதிக் கடையில் பாவித்த ஏஎம்டி ரைசன் 5 1600 சிப் ஒன்று, அதைப் பொருத்தும் ஏ320 மதர்போட்டுடன் சேர்த்து மலிவாகக் கிடைக்கிறது. "தம்பி, ரைசன் எல்லாம் திறந்த சிப்தான், எந்த போட்டில போட்டாலும் ஓவர்குளொக் பண்ணலாம்" என்றார் கடைக்கார அண்ணன். 2017இல் வந்த முதல் தலைமுறை ரைசன்களின் பெருக்கி (சிப்பின் வேகத்தை நிர்ணயிக்கும் எண்) பூட்டப்படவில்லை என்பது உண்மை. ஆனால் போட்டில் உள்ள ஏ320 சிப்செட் (போட்டைக் கட்டுப்படுத்தும் சில்லு) அதை மாற்ற இடம் தராது. பி350, பி450 சிப்செட் உள்ள போட்டுகள் தரும்.

ஆகஸ்ட் 6
ஏ320 வேண்டாம். எவ்வளவு குறைத்துத் தந்தாலும் வேண்டாம்.

ஆகஸ்ட் 8
இன்டெல் பக்கம் பார்த்தேன். ஐ3 12100எஃப் நல்ல சிப். நான்கு கோர், தானாகவே 4.3 கிகாஹேர்ட்ஸ் வரை ஏறும். ஆனால் பெருக்கி பூட்டியிருக்கிறது. 2014இல் பென்டியம் ஜி3258ஐ மலிவு விலையில் பெருக்கி பூட்டாமல் விட்டவர்கள், பின்னர் வந்த, அதேபோல் பூட்டாத கே வகை ஐ3களுக்கு அதைப் போல இரு மடங்குக்கு மேல் விலை வைத்தது எனக்கு இன்னும் வருத்தம்தான்.

ஆகஸ்ட் 9
நித்திரை வரவில்லை, கணக்குப் பார்த்தேன். சிப் உண்ணும் மின்வலு வேகத்தோடு நேராகவும், வோல்ட்டின் வர்க்கத்தோடும் கூடும். 1.2 வோல்ட்டில் 3.4 கிகாஹேர்ட்ஸில் ஓடுவதை 1.35 வோல்ட்டில் 3.8க்கு ஏற்றினால், வேகம் 12 சதவீதம் கூட, வெப்பமோ ஏறத்தாழ 41 சதவீதம் கூடுகிறது. தங்கச்சியின் படங்கள் இரவு முழுவதும் ரெண்டராகும்போது (கணினி கணக்கிட்டு உருவாக்கும்போது) இந்த வெப்பம் எங்கே போகும்? 1.3 வோல்ட்டைத் தாண்டாமல் எவ்வளவு கிடைக்கிறதோ அதுவே போதும் என்று இப்போதைக்கு எண்ணுகிறேன்.

ஆகஸ்ட் 11
கடையில் அந்த 1600 சிப்பைக் கையில் வாங்கி, டோர்ச் வெளிச்சத்தில் சரித்துப் பார்த்தேன். ஏஎம்4 சிப்பின் அடியில் 1331 ஊசிகள். வரிசைகள் எல்லாம் நேர்கோடாகத் தெரிய, ஓர் ஓரத்தில் ஒன்று மட்டும் பக்கத்து ஊசியின் மேல் சாய்ந்திருந்தது. அண்ணன், குச்சி எடுத்துவிட்ட அழுத்துப் பென்சிலின் உலோக முனையை அந்த ஊசியின் மேல் மாட்டி, மூச்சைப் பிடித்துக்கொண்டு நிமிர்த்தினார். உடையவில்லை.

ஆகஸ்ட் 12
புதிய ரைசன் 5 5500 எந்த முயற்சியும் இல்லாமலே 4.2ஐத் தொடும் என்று மச்சான் சொல்கிறான். சரிதான். அந்தக் காசு இப்போது இல்லை. ஆனால் பி450 போட்டின் பயோஸை (அதன் அடிப்படை மென்பொருளை) புதுப்பித்தால் பின்னொரு நாள் அதே 5500ஐப் போடலாம்; ஆகவே முதலில் போட்டையே பார்த்து வாங்க வேண்டும், மிச்சத்தில் 1600உம் நல்ல கூலரும்.

ஆகஸ்ட் 13
ஏ320ஐ இன்னும் குறைத்துத் தருகிறாராம். இல்லை.

ஆகஸ்ட் 15
கல்முனையில் பி450 ஒன்று இருக்கிறது. அனுப்பிய படத்தில், சிப்புக்கு மின்சாரம் ஊட்டும் விஆர்எம் பகுதியின் மேல், வெப்பத்தை வெளியேற்றும் உலோகத் துண்டான ஹீட்சிங்க் தெரியவில்லை. கழற்றி விட்டார்களா, அந்த மாடலே அப்படித்தானா என்று நாளை காலையில் கேட்க வேண்டும்.