பாப்பி கேட்பவர்களுக்கு எட்டு மணிப் பூ

ஒவ்வோர் ஆண்டும் மே மாதக் கடைசியில், எடின்பரோவில் வசிக்கும் என் தங்கை தன் தோட்டத்தில் மலர்ந்த ஓரியண்டல் பாப்பிப் பூக்களின் படங்களைக் குடும்ப வாட்ஸ்அப் குழுவில் போடுவாள். அடுத்த சில நாள்களுக்கு எனக்கு ஒரே கேள்விதான் வந்துகொண்டிருக்கும்: வெயிலுக்குப் பஞ்சமே இல்லாத சிங்கப்பூரில் இதை ஏன் வளர்க்கக் கூடாது? விதைப் பொட்டலத்திலேயே நல்ல வெயில் படும் இடம் வேண்டும் என்றுதானே அச்சிட்டிருக்கிறார்கள் என்று பெரியம்மா வாதாடுவார். எங்கள் புளோக்குக்குக் கீழே இருக்கும் சமூகத் தோட்டத்தைக் கவனித்துக்கொள்பவர்களில் நானும் ஒருத்தி என்பதால், பதில் சொல்லும் பொறுப்பு என் தலையில் விழுகிறது. இம்முறை அதை விரிவாகவே எழுதிவிடுகிறேன்.

ஓரியண்டல் பாப்பியின் சொந்த ஊர் காகசஸ் மலைப்பகுதியும் அதையொட்டிய வடகிழக்குத் துருக்கியும் வட ஈரானும் ஆகும். 1700 முதல் 1702 வரை அந்தப் பக்கங்களில் பயணம் செய்த பிரெஞ்சுத் தாவரவியலாளர் டூர்னஃபோர் வழியாகத்தான் அது ஐரோப்பியத் தோட்டங்களுக்குப் போய்ச் சேர்ந்தது. பனி மூடும் நீண்ட குளிர்காலம், சுருக்கமான வசந்தம், வறண்ட கோடை என்ற அந்த மலைநாட்டின் நாள்காட்டியை அந்தச் செடி இன்றைக்கும் விடாமல் வைத்திருக்கிறது. வசந்தத்தில் அவசரமாக இலை விட்டுப் பூத்து, கோடை நடுவில் இலையெல்லாம் மஞ்சளாகிக் காய்ந்து மண்ணுக்குள் ஒடுங்கி, இலையுதிர் காலத்தில் புதிதாகத் தழைத்து, அந்த இலைகளோடு உறைபனியைத் தாங்கிக்கொண்டு அடுத்த வசந்தத்துக்குக் காத்திருக்கும். கோடையில் அதைப் பார்ப்பவர்கள் செடி செத்துவிட்டது என்று பிடுங்கி எறிந்துவிடுவதும் உண்டு.

விதையிலிருந்து அதை வளர்ப்பதில் பெரிய வித்தை எதுவும் இல்லை, பொறுமைதான் வேண்டும். விதை கசகசா அளவுக்கே இருக்கும். தங்கை அதை உலர்ந்த மணலோடு கலந்து, ஈரப்படுத்திய விதைக் கலவையின் மேல் தூவி, விரலால் லேசாக அழுத்துவதோடு நிறுத்திக்கொள்வாள். முளைப்பதற்கு வெளிச்சம் தேவை என்பதால் மேலே மண் போட்டு மூடக் கூடாது. 15 முதல் 20 டிகிரி செல்சியஸ் வெப்பநிலை இருந்தால் இரண்டு மூன்று வாரங்களில் முளை தெரியும். ஆணிவேர் ஆழமாக இறங்குகிற செடியாதலால், பெரிதான பிறகு இடம் மாற்றினால் அதற்குப் பிடிக்காது. நாற்று சிறிதாக இருக்கும்போதே, வேர்மண் உதிராமல், தெற்குப் பார்த்த சுவரோரம் நட்டுவிட வேண்டும். முதல் ஆண்டு சொரசொரப்பான இலைக்கொத்து மட்டும்தான் கிடைக்கும். பெரும்பாலும் இரண்டாம் ஆண்டில்தான் ரோமம் அடர்ந்த மொட்டு தலைகாட்டும். அதை மூடியிருக்கும் புல்லிகள் உதிர்ந்ததும் உள்ளே கசங்கிக் கிடந்த இதழ்கள் மெல்ல மெல்லச் சுருக்கம் நீங்கி உள்ளங்கையைவிட அகலமாக விரியும். அடியில் கறுப்புத் திட்டும் நடுவே கருஊதா மகரந்தத் தாள்களும் இருக்கும். தேன் சுரக்காது, வண்டுகளும் தேனீக்களும் மகரந்தத்துக்காகவே வரும். காய் முற்றியதும் அதன் மூடிக்குக் கீழே சிறு துளைகள் திறக்க, காற்றில் ஆடும்போது உப்புக் குடுவையைக் கவிழ்த்ததுபோல் விதை சிதறும்.

அப்படிச் சிதறிய விதையில் தாயின் நிறமே வரும் என்று நம்ப முடியாது. பெயர் பெற்ற ரகங்களையெல்லாம் வேர்த்துண்டுகளிலிருந்துதான் பெருக்குகிறார்கள். வெள்ளை ஓரியண்டல் பாப்பியின் கதையே அதுதான்: இருபதாம் நூற்றாண்டின் தொடக்கத்தில் ஏமஸ் பெரி என்ற ஆங்கிலேய நாற்றங்கால்காரரிடம் வாங்கிய செடிகளில் ஒன்று மட்டும் வெள்ளையாகப் பூத்துத் தன் பாத்தியின் அழகைக் கெடுத்துவிட்டது என்று வாடிக்கையாளர் ஒருவர் குறைபட்டுக்கொள்ள, பெரி அதைத் திரும்பப் பெற்றுக்கொண்டு புது ரகமாக்கி விற்றார் என்று சொல்வார்கள். நல்ல வியாபாரி!

இனி சிங்கப்பூருக்கு வருவோம். இங்கே இரவிலும் வெப்பநிலை 23 டிகிரிக்குக் கீழே இறங்குவது அபூர்வம். ஆண்டு மழையளவு 2,000 மில்லிமீட்டரைத் தாண்டுகிறது. பகல் பொழுது ஆண்டு முழுவதும் ஏறத்தாழ 12 மணி நேரம்தான். எடின்பரோவில் ஜூன் மாதப் பகல் 17 மணி நேரத்துக்கும் மேல் நீள்கிறது. பாப்பி பூப்பதற்குச் செடி குளிர்காலத்தைக் கடந்தாக வேண்டும். இங்கே அந்தக் கட்டம் வருவதே இல்லை. பகலில் சேர்த்த சத்தையெல்லாம் புழுக்கமான இரவுகளில் சுவாசத்துக்கே செலவழித்து இளைத்துப்போகும் செடியை, பிற்பகல் இடிமழை ஒன்றிரண்டு வந்து தண்டடியில் அழுகவைத்துவிடும். விதையைக் குளிர்பதனப் பெட்டியில் வைத்து எடுத்தால் போதாதா என்று கேட்கிறார்கள். அந்தக் குளிர் முளைப்பதற்கு ஒருவேளை உதவலாம். வேரோடும் இலையோடும் ஒரு குளிர்காலத்தைத் தாண்டி வருவதற்கு அது ஈடாகாது. கரையோரப் பூந்தோட்டத்தின் ஃபிளவர் டோமில் டியூலிப் பூக்கிறதே என்று உதாரணம் காட்டுபவர்கள், அவை குளிரை ஏற்கெனவே அனுபவித்துவிட்டு வந்த கிழங்குகள் என்பதையும், கூடமே குளிரூட்டப்பட்டது என்பதையும் மறந்துவிடுகிறார்கள்.

இவையெல்லாம் போதாதென்று சட்டம் வேறு இருக்கிறது. "அக்கா, உனக்கு வேணும்னா கொஞ்சம் விதைய ஒரு கவர்ல போட்டு அனுப்பட்டுமா?" என்று தங்கை கேட்டபோது, தயவுசெய்து வேண்டாம் என்றேன். கசகசா என்பது அபின் தரும் பாப்பியின் விதைதான். அதில் மார்ஃபின் என்ற போதைப்பொருளின் தடயங்கள் இருக்கக்கூடும் என்பதால் சிங்கப்பூரின் மத்திய போதைப்பொருள் ஒழிப்புப் பிரிவு அதைத் தடைசெய்யப்பட்ட பொருளாக வைத்திருக்கிறது. லிட்டில் இந்தியாவின் தேக்காவில் மளிகை வாங்கும் நாமெல்லாம் குருமாவுக்கு முந்திரியையும் தேங்காயையும் அரைத்தே பழகிவிட்டோம். ஓரியண்டல் பாப்பி அதிலிருந்து வேறு இனம்தான். ஆனால் பெயர் எழுதாத உறைக்குள் இருக்கும் கரிய பொடி விதையைப் பார்த்து அதிகாரி அந்த வேறுபாட்டை உணர்ந்துகொள்ள வேண்டும் என்று எதிர்பார்ப்பது நியாயமில்லை.

அதே குடும்பத்தில் வெப்பத்துக்கு அஞ்சாத ஓர் உறவும் உண்டு: தமிழ்நாட்டில் சாலையோரமெங்கும் மஞ்சளாகப் பூக்கும் பிரம்மதண்டு. அதன் விதை கடுகில் கலந்துவிட்டால் அந்த எண்ணெய் உயிருக்கே உலை வைக்கும். 1998-இல் டெல்லியில் அப்படி ஒரு பெருந்துயரமே நடந்தது. குழந்தைகள் ஓடியாடும் சமூகத் தோட்டத்துக்கு அந்த முள்செடி வேண்டாம்.

ஆகவே, பாப்பி கேட்பவர்களுக்கு நான் டர்னெரா நடச் சொல்கிறேன். மலாய்க்காரர்கள் அதை எட்டு மணிப் பூ என்பார்கள். காலை எட்டு மணியளவில் விரிந்து நண்பகலுக்குள் சுருங்கிவிடும். ஒவ்வொரு பூவுக்கும் ஒரு காலைதான் ஆயுள் என்றாலும், மறுநாள் வேறு பூ இருக்கும். டர்னெரா சுபுலாட்டா என்ற வகையில் ஐந்து வெளிர் இதழ்களின் அடியில் மஞ்சளும் அதற்கும் உள்ளே கருந்திட்டும் இருப்பதால், தங்கையின் படங்களைப் பார்த்து ஏங்குபவர்களுக்கு அது ஓரளவு ஆறுதல் தரும். பல்லாண்டு வாழும் குறுஞ்செடி. முழு வெயிலும் தண்ணீர் தேங்காத மண்ணும் இருந்தால் போதும். மலேசியாவின் செம்பனை (எண்ணெய்ப்பனை) தோட்டங்களில் இதை வரப்போரம் நட்டு வைப்பது அழகுக்காக அன்று. பனையோலையைத் தின்னும் புழுக்களை அழிக்கும் குளவிகளுக்கு இதன் தேன் உணவாகிறது.

அந்தத் தேன் பூவில் மட்டும் இல்லை. இலை காம்போடு சேரும் இடத்தில் இரண்டு சிறு கிண்ணங்கள்போன்ற சுரப்பிகள் இருக்கின்றன. உற்றுப் பார்த்தால் எந்நேரமும் ஓர் எறும்பாவது அங்கே வாய் வைத்துக்கொண்டிருக்கும். காய் வெடித்ததும் விதையைத் தூக்கிப் போவதும் எறும்புகள்தான், ஏனெனில் ஒவ்வொரு விதையிலும் வெள்ளையாக ஒரு சதைத்துணுக்கு ஒட்டியிருக்கிறது. நடைபாதை விளிம்பின் விரிசல்களில் யாரும் நடாமலேயே இது முளைத்து நிற்பதற்கு இதுவே காரணம். விதை வேண்டுமானால் காய் பழுப்பாகத் தொடங்கும்போதே, வெடிப்பதற்கு முன், பறித்துக் காகித உறையில் போட்டுவிட வேண்டும். மணல் கலந்த மண்ணில் தூவி மிக மெல்லிதாக மூடினால் போதும். எல்லா விதையும் ஒரே நேரத்தில் முளைக்காது, சட்டியை அவசரப்பட்டுக் கொட்டிவிடக் கூடாது.

விதைக்கு ஆசைப்படுபவர்கள் இன்னொன்றையும் பார்க்க வேண்டும். சுபுலாட்டாவில் செடிகள் இரண்டு வகை. சிலவற்றில் சூல்தண்டு மகரந்தத் தாள்களைவிட உயர்ந்து நிற்கும். மற்றவற்றில் தாழ்ந்து கிடக்கும். ஒரு வகையின் மகரந்தம் மற்ற வகைக்குப் போனால்தான் விதை பிடிக்கும். ஒரே செடியின் கிளைகளை வெட்டி வேலி முழுவதும் நட்டவருக்குப் பூ கொட்டும், விதை கிடைக்காது. காலையில் பூ விரிந்திருக்கும்போது குனிந்து பார்த்து, இரண்டு வகையிலும் ஒவ்வொன்றைத் தேர்ந்தெடுத்து அருகருகே நடுங்கள். முழு மஞ்சளாகப் பூக்கும் இன்னொரு வகையான டர்னெரா உல்மிஃபோலியாவில் இந்தச் சிக்கல் பெரும்பாலும் இல்லை, தனிச்செடியே காய்க்கும்.

இலையில் முட்கள் நிறைந்த புழுக்களைக் கண்டால் மருந்து அடிக்க ஓடாதீர்கள். அவை டானி காஸ்டர் என்ற செம்மஞ்சள் பட்டாம்பூச்சியின் புழுக்களாக இருக்கலாம். மொட்டையான கிளைகள் விரைவில் மீண்டும் தழைத்துவிடும். தழைக்கச் சோம்பும் முதிர்ந்த கிளைகளைப் பாதிக்கு வெட்டிவிட்டு, அடியில் கொஞ்சம் மக்கிய உரம் போட்டால் போதும்.