டிவிக்கு முன்னாடி வர்ற சத்தம்

2022 ஏப்ரல் 6, புதன்

நம்ம டீம் எவர்டன், இந்த லிவர்பூல் ஊரோட ரெண்டு ஃபுட்பால் கிளப்ல ஒண்ணு, பர்ன்லிகிட்ட 3-2 தோத்தாச்சு. நர்ஸ் டூட்டி ஹேண்டோவர் இழுத்துடுச்சு, வார்டுல இருந்து வெளிய வந்து பஸ் ஏறும்போது போன்ல பாத்தா நாமதான் 2-1, ரிச்சார்லிசன் ரெண்டு பெனால்டியும் போட்டிருக்கான், சரி இன்னைக்கு தப்பிச்சோம்னு உக்காந்தேன். நடுவுல 2-2 ஆச்சு. வீட்டுக் கதவைத் தொறக்கும்போது 85வது நிமிஷம், பர்ன்லியோட கோர்னே அடிச்சுட்டான். ஷூ கூட கழட்டாம மாடிப்படியில அப்படியே உக்காந்துட்டேன். வீட்ல வந்து ஒண்ணும் கேக்கல, சாப்பாட்டை சூடு பண்ணி கொண்டு வந்து வெச்சுட்டு போய்ட்டாங்க.

மேட்ச் முடிஞ்சு பர்ன்லி மேனேஜர் ஷான் டைச் சொன்னதுதான் தூங்க விடல. இவங்களுக்கு ஜெயிக்கவே தெரியாதுன்னு ஹாஃப் டைம்ல பசங்ககிட்ட சொன்னாராம். அது உண்மைங்கறதாலதான் இவ்ளோ வலிக்குது.

இத படிக்கிற நம்ம ஊர்க்காரங்களுக்கு ஒரு வரி. பிரீமியர் லீக்ல 20 டீம், கடைசி மூணு எடத்துல முடிக்கிறவங்க அடுத்த வருஷம் கீழ் டிவிஷனுக்கு போகணும். இப்போ எவர்டன் 25 பாயிண்டோட 17வது, பர்ன்லி 24. நாம நிக்கிறது விளிம்புல.

ஏப்ரல் 9, சனி

மான்செஸ்டர் யுனைடெட்டை 1-0. ஆண்டனி கார்டன் அடிச்ச பால் அவங்க ஆளு மேகுவயர் மேல பட்டு உள்ள போச்சு. கார்டன் இந்த ஊர்ப் பையன், சின்ன வயசுலேர்ந்து இந்த கிளப்லயே வளந்தவன், ஓடுறதைப் பாத்தா நம்ம வியாசர்பாடி கிரவுண்டு பசங்க ஞாபகம் வருது, அதே ஒல்லி உடம்பு, அதே வேகம், விழுந்தா தொடச்சிக்கிட்டு எந்திரிச்சு திரும்ப அவனே பாலைக் கேப்பான்.

ஏப்ரல் 20, புதன்

லெஸ்டர்கூட 1-1. 92வது நிமிஷத்துல ரிச்சார்லிசன். நைட் டூட்டிக்கு முன்னாடி தூங்கி எந்திரிக்கணும்னு படுத்தவன், எவர்டன் கிரவுண்டு குடிசன் பார்க்லேர்ந்து சத்தம் வந்து எந்திரிச்சேன். எங்க வீடு வால்டன் ஏரியாவுல, கிரவுண்டுலேர்ந்து ரெண்டு தெரு தள்ளி. சத்தத்தை வெச்சே என்னன்னு சொல்லிடலாம் இப்பல்லாம். கோல் வேற, போஸ்ட்ல அடிச்சது வேற, ரெஃப்ரி மேல கோவம் வேற.

ஏப்ரல் 24, ஞாயிறு

லிவர்பூல் டீமோட கிரவுண்டு ஆன்ஃபீல்டுல 2-0 தோத்தோம். ரெண்டு கிரவுண்டுக்கும் நடுவுல ஸ்டான்லி பார்க் ஒண்ணுதான், நடந்தா பத்து பதினஞ்சு நிமிஷம், ஆனா அந்தப் பக்கம் கப்புக்கு ஓடிட்டு இருக்காங்க, இந்தப் பக்கம் நாம மூச்சு விட ஓடிட்டு இருக்கோம். அதே நாள்ல பர்ன்லி வேற ஜெயிச்சு 31, நாம 29. 18வது எடம். முதல் தடவையா கோட்டுக்குக் கீழ பேரைப் பாக்குறேன்.

என் பையன் கிளாஸ்ல பாதி லிவர்பூல் செவப்பு, பாதி நம்ம நீலம். நாளைக்கு ஸ்கூலுக்கு போக மாட்டேன்னு அழுதான். எட்டு வயசு. என்ன சொல்றதுன்னு தெரியாம பக்கத்து வீட்டுக்கு கூட்டிட்டு போனேன். அங்க இருக்கிற பெரியவருக்கு இவன் வெச்ச பேரு நீலத் தாத்தா, கதவு நீலம், தொப்பி நீலம், சமையல்கட்டுல தொங்குற துண்டு கூட நீலம். அவரும் தாத்தாங்கற வார்த்தையைக் கத்துக்கிட்டு, தாத்தா வந்திருக்கேன்னு சொல்லித்தான் எங்க கதவைத் தட்டுவார். 2020 லாக்டவுன்ல நான் டூட்டிக்கு போயிட்டு வர்ற நாள்லெல்லாம் வாசல்ல ஏதாவது ஒரு டப்பா இருக்கும், சூப்போ, 'பை'ங்கற இந்த ஊர் பேஸ்ட்ரியோ. ஒரு நாள் டப்பாவோட ஒரு பழைய எவர்டன் மஃப்ளர். நான் இந்த டீமுக்கு வந்த வழி அதுதான், வேற கதை இல்ல.

அவர் என் பையனை பக்கத்துல உக்கார வெச்சு ஒண்ணே ஒண்ணு கேட்டார். ஸ்கூலுக்கு எந்த கலர் சாக்ஸ் போட்டுட்டு போவன்னு. இவன் மூக்கை உறிஞ்சிக்கிட்டே நீலம்னான்.

ஏப்ரல் 30, சனி

வாட்ஃபோர்டுல பர்ன்லி 83 நிமிஷம் வரைக்கும் தோத்துட்டு இருந்தாங்க, நான் கிச்சன்ல வெங்காயம் அரிஞ்சிட்டு இருக்கேன், மூணு நிமிஷத்துல ரெண்டு கோல் போட்டு 2-1. அவங்க 34, நாம 29. ரெண்டு மேட்ச் நமக்கு மிச்சம் இருக்குதான், ஆனா அஞ்சு பாயிண்ட்.

பயம் என்னன்னா இது வெறும் ஒரு வருஷம் கீழ போயிட்டு வர்ற விஷயம் இல்ல. கிளப் மூணு வருஷத்துல 37 கோடி பவுண்டுக்கு மேல நஷ்டம் காட்டியிருக்கு. உக்ரைன் போர் ஆரம்பிச்சதும் ரஷ்யப் பணக்காரர் உஸ்மானோவ் கம்பெனிகளோட ஸ்பான்சர்ஷிப்பை நிறுத்தி வெச்சாங்க. பிராம்லி மூர் டாக்ல ஆத்தோரமா புது ஸ்டேடியம் வேற எழும்பிட்டு இருக்கு. 2016ல புது ஓனர் வந்ததுக்கு அப்புறம் மேனேஜரா கூமன், அலர்டைஸ், சில்வா, அன்செலோட்டி, பெனிடெஸ், இப்போ லாம்பார்ட், ஆறு பேர், ஒவ்வொருத்தரும் அவங்கவங்களுக்கு புடிச்ச ஆளை வாங்கிட்டு போயிட்டாங்க, மிச்சம் கெடக்குற டீமுக்கு ஒரு முகமே இல்ல. என் அபிப்ராயத்துல பசங்க மேல தப்பு பாதிதான்.

சாயங்காலம் தாத்தா கூப்பிட்டார். முட்டி ஆபரேஷன் பண்ணதுலேர்ந்து அவரால குடிசன் படி ஏற முடியல. இத்தனை நாள் சீட் காலியாவே கெடந்துருக்கு, யாருக்கும் குடுக்க மனசு வரலையாம். இன்னைக்கு அந்த சீசன் டிக்கெட்டை என் கையில வெச்சார். 1954ல அவருக்கு எட்டு வயசு, எவர்டன் ரெண்டாவது டிவிஷன்ல கெடந்த காலம், கடைசி மேட்ச் ஓல்டம்ல, 4-0 ஜெயிச்சு மேல வந்தாங்க, அப்பா ராத்திரி பாடிக்கிட்டே தெருவுல வந்தது காதுல இன்னும் இருக்குன்னார். அன்னையிலேர்ந்து இன்னைக்கு வரைக்கும் எவர்டன் கீழ போனதே இல்ல. 68 வருஷம். போயிட்டு வந்து எல்லாத்தையும் சொல்லணும், ஒண்ணு விடாமன்னார்.

மே 1, ஞாயிறு

செல்சி மேட்ச். ஒண்ணு விடாம சொல்லணும்னு சொன்னதால எழுதி வெக்குறேன்.

மேட்ச் ரெண்டு மணிக்கு, நான் பன்னெண்டுக்கே போயிட்டேன். குடிசன் ரோடு முழுக்க ஜனம், டீம் பஸ் வர்ற வழியில ரெண்டு பக்கமும் நீலப் புகை, சுவத்து மேல ஆள், ஜன்னல்ல ஆள், அப்பா தோள்மேல குழந்தைங்க. கண்ணு எரியுது, ஒண்ணும் தெரியல, பஸ் வந்தது சத்தத்துலதான் தெரிஞ்சுது. தேர் நெலைக்கு வர்றப்போ கூட்டம் ஒண்ணா நெருக்கி நகரும் பாருங்க, அந்த மாதிரி. தோத்துட்டே இருக்கிற ஒரு டீமுக்கு இவ்ளோ பேர் வந்து நிப்பாங்கன்னு நான் நெனச்சதில்ல, ஜெயிக்கிற டீமுக்குதான் ஊர் திரளும்னு நெனச்சிருந்தேன்.

சீட் கிளாடிஸ் ஸ்ட்ரீட் பக்கம், கோலுக்குப் பின்னாடி. மர நாற்காலி. முன்னாடி ஒரு தூண் மறைக்குது, தாத்தா அத சொல்லியிருந்தார், இடது பக்கம் சாஞ்சுக்கோன்னு, சாஞ்சா சரியா தெரியுது. பக்கத்து சீட்காரர் என்னைப் பாத்ததும் பெரியவர் எப்படி இருக்கார்னுதான் முதல்ல கேட்டார்.

46வது நிமிஷம். செல்சியோட அஸ்பிலிகுவெட்டா பாலை வெச்சிட்டு யோசிச்ச ஒரு நொடிதான், ரிச்சார்லிசன் பாஞ்சு புடுங்கி கோல். அதுக்கப்புறம் அவங்க ஆளு மௌன்ட் அடிச்சது ரெண்டு போஸ்ட்லயும் பட்டு திரும்ப வருது, அஸ்பிலிகுவெட்டா முன்னாடி கோல் தொறந்து கெடக்கு, நான் கண்ணை மூடிட்டேன், தொறந்தா நம்ம கீப்பர் பிக்ஃபோர்டு அந்தக் கோடிலேர்ந்து பறந்து வந்து தடுத்துருக்கான். அப்போ வந்த சத்தம் கோலுக்கு வந்த சத்தத்தை விடப் பெருசு.

1-0. தாத்தாகிட்ட ரெண்டு மணி நேரம் சொன்னேன். பிக்ஃபோர்டு தடுத்ததை மட்டும் மூணு தடவை கேட்டார்.

மே 8, ஞாயிறு

லெஸ்டர்ல போய் 2-1! ஆகஸ்ட்டுக்கு அப்புறம் வெளியூர்ல லீக்ல இதுதான் முதல் ஜெயம். 6வது நிமிஷத்துல மிகோலென்கோ, பால் தரையில படுறதுக்கு முன்னாடியே ஒரு அடி. அவன் உக்ரைன்காரன், வீட்டுக்காரங்க அங்க, ஊர் மேல குண்டு விழுது, பிப்ரவரில மான்செஸ்டர் சிட்டி மேட்ச்சுக்கு முன்னாடி அவனும் அந்த டீம்ல இருந்த உக்ரைன்காரன் ஜின்சென்கோவும் கட்டிப்புடிச்சு நின்னதைப் பாத்து வார்டுல இருந்த பேஷன்ட் எல்லாம் அழுதாங்க. அப்படிப்பட்டவன் கோல் போட்டுட்டு ஓடும்போது என்னால உக்கார முடியல. அப்புறம் ஹோல்கேட் தலையால ஒண்ணு. 35 பாயிண்ட், லீட்ஸும் பர்ன்லியும் 34. கோட்டுக்கு மேல வந்துட்டோம்.

மே 11, புதன்

வாட்ஃபோர்டுல 0-0. 36.

மே 15, ஞாயிறு

குடிசன்ல பிரென்ட்ஃபோர்டை ஜெயிச்சிருந்தா இன்னைக்கே முடிஞ்சிருக்கும். காலையில அம்மா போன் பண்ணப்போ இன்னைக்கு வேண்டிக்கோம்மான்னு சொல்லியிருந்தேன்.

கால்வர்ட் லூயின் 10வது நிமிஷம் போட்டான், ஸ்டேடியமே ஆடுச்சு. 18வது நிமிஷம் நம்ம பிரான்த்வெய்ட்டுக்கு ரெட் கார்டு. அவனுக்கு 19 வயசு, அவன் நடந்து வெளிய போறதைப் பாக்க முடியல. பத்து பேர். பாவம் கோல்மன் தலையில பட்டு நம்ம கோலுக்குள்ளயே ஒண்ணு, திரும்ப ரிச்சார்லிசன் பெனால்டி 2-1, அப்புறம் அவங்க பக்கம் விஸ்ஸா, ஹென்றி, ரெண்டே நிமிஷத்துல ரெண்டு. கடைசில ரோண்டோனுக்கும் ரெட். 3-2.

நான் சீட்லயே இருந்தேன் எல்லாரும் போற வரைக்கும். தாத்தா வீட்டு லைட் எரிஞ்சுது, ஆனா இன்னைக்கு போயி சொல்ல எனக்கு தெம்பு இல்ல. அவரே செவுத்த ரெண்டு தட்டு தட்டினார். நானும் ரெண்டு தட்டினேன்.

மே 18, புதன்

நாளைக்கு கிரிஸ்டல் பேலஸ். நாம 36, லீட்ஸ் 35, அவங்களுக்கு ஒரே மேட்ச் மிச்சம். ஜெயிச்சா 39, லீட்ஸால எட்ட முடியாது, தப்பிச்சோம். இல்லன்னா ஞாயித்துக்கிழமை ஆர்சனல் கிரவுண்டுல போயி நிக்கணும்.

தாத்தாவோட பேரன் மான்செஸ்டர்லேர்ந்து வர்றான், 17 வயசு. டிக்கெட்டை நானே கொண்டு போயி குடுத்தேன். தாத்தா வேணாம் வேணாம்னார், அவர் அப்பா பாடிட்டு வந்த தெரு அவனோடது, என்னோடது இல்ல, அதான் சரி. பதிலுக்கு அவர் கேட்டது நாளைக்கு கூட உக்காந்து பாக்கணும்னு. ஷிஃப்டை மாத்திக்கிட்டேன், மாத்திக்கிட்ட கேரளாக்கார சிஸ்டருக்கு அடுத்த மாசம் ரெண்டு நைட் நான் பாக்கணும், பரவால்ல.

மே 19, வியாழன் (ராத்திரி ரெண்டு மணி, தூக்கம் வரல)

அவர் வீட்டு முன் ரூம்ல நாங்க மூணு பேர், தாத்தா, நான், பையன். டிவி ஓடுது. ஆனா ஒரு விஷயம், டிவி கொஞ்ச நொடி லேட்டாத்தான் வரும், கிரவுண்டு ரெண்டு தெரு தள்ளி. ஜன்னலை சாத்தச் சொன்னேன், நடக்குறது முன்னாடியே தெரிஞ்சிடும்னு. அவர் முடியாதுன்னுட்டார். தொறந்தே இருக்கணும்.

21வது நிமிஷம், பேலஸோட மட்டேட்டா. சத்தமே வரல, அந்த அமைதியிலயே புரிஞ்சிடுச்சு. 36வது நிமிஷம், அவங்க ஆயூ. திரும்ப அமைதி. 2-0. பையன் என் மடியில மூஞ்சியப் பொதச்சுக்கிட்டான்.

ஹாஃப் டைம்ல தாத்தா 94 பத்தி சொன்னார். 1994 மே 7, கடைசி நாள், விம்பிள்டன், அன்னைக்கும் 20 நிமிஷத்துல 0-2. பார்க் எண்ட் ஸ்டாண்டை இடிச்சு கட்டிட்டு இருந்த நேரம், எடம் கெடைக்காதவங்க ஸ்டான்லி பார்க் மரத்து மேல ஏறிப் பாத்தாங்க. கிரஹாம் ஸ்டூவர்ட் ரெண்டு, பாரி ஹார்ன் ஒண்ணு, 3-2. அந்தக் கதைய நான் ஏற்கெனவே நாலஞ்சு தடவை கேட்டிருக்கேன், ஆனா இன்னைக்கு அவர் கை நடுங்குனதைப் பாத்தேன். நர்ஸுங்கறதால மணிக்கட்டைப் புடிச்சு நாடி பாத்தேன். வேகமாத்தான் இருந்துச்சு.

54. ஜன்னல் வழியா சத்தம் வந்துது, டிவில இன்னும் ஃப்ரீ கிக் எடுக்கவே இல்ல. மூணு பேரும் ஒருத்தர ஒருத்தர் பாக்குறோம். அப்புறம்தான் கீன் நெஞ்சுல வாங்கி அடிக்கிறான். 75, திரும்ப சத்தம், இந்த தடவை நாங்க டிவிய பாக்கவே இல்ல, ஜன்னலைத்தான் பாத்தோம், ரிச்சார்லிசன். 2-2.

அதுக்கப்புறம் பத்து நிமிஷம் யாரும் பேசல. தெருவுல ஒரு கார் கூட இல்ல.

85. டெமராய் கிரே பாலை வெச்சு நிமிர்றான் டிவில. அப்போ வந்துது அது. நான் இந்த ஊருக்கு வந்து மூணு வருஷத்துல கேட்ட எந்த சத்தமும் அது இல்ல, ஜன்னல் கண்ணாடி அதிருது, மேசை மேல டீ கப் அதிருது. டிவில கிரே இன்னும் ஓடி வர்றான். தாத்தா என் கையைப் புடிச்சார், இறுக்கி, கண்ணு டிவி மேல, நடக்கப் போறது தெரியும், தெரிஞ்சும் மூச்சு விடாம பாத்துட்டு இருக்கோம். பால் வருது, கால்வர்ட் லூயின் முழு உடம்பையும் தூக்கிப் போட்டு தலையால. வருஷம் பூரா காயத்துல உக்காந்திருந்தவன். 3-2.

தாத்தா எந்திரிச்சு நின்னார். கம்பு இல்லாம. நான் புடிக்கப் போனேன், வேணாம்னு கையைத் தட்டிவிட்டார்.

விசில் அடிச்சதும் ஜனம் மொத்தமும் கிரவுண்டுக்குள்ள. ஒரு மணி நேரம் கழிச்சு பேரன் வந்தான், சட்டை பூரா புல்லு, கையில ஒரு புடி குடிசன் மண்ணு. தாத்தா உள்ள போயி ஒரு டீ கப் கொண்டு வந்தார், அதுல போட்டு ஜன்னல் ஓரத்துல வெச்சாச்சு.

மே 22, ஞாயிறு

ஆர்சனல்ல 5-1 தோத்தோம். 39 பாயிண்ட், 16வது. லீட்ஸ் ஜெயிச்சு லீக்லயே நின்னுட்டாங்க, பர்ன்லி நியூகாசில்கிட்ட தோத்து கீழ போயிட்டாங்க. அந்த ஊர்லயும் ஒரு தாத்தா இருப்பார், அவர் வீட்டு ஜன்னலும் தொறந்துதான் இருந்திருக்கும், மத்தியானம் பூரா அந்த நெனப்புதான்.

சாயங்காலம் தாத்தா கதவைத் தட்டினார். முட்டி பரவால்லையாம், டாக்டர் ஆகஸ்ட்டுக்குள்ள படி ஏறலாம்னு சொல்லியிருக்காராம். பக்கத்து சீட்காரரோட அண்ணன் அடுத்த சீசன் டிக்கெட் எடுக்கலையாம், அந்த எடம் காலியாம், பையனுக்கு சின்னப் பசங்க ரேட்ல கெடைக்குமான்னு விசாரிச்சிருக்கார். பையன் உள்ளேர்ந்து ஓடி வந்தான், நீலச் சாக்ஸ்ல.