ஒரு போல்ட்டுக்கு இரண்டு ஞாயிறு: மாருதி 800 கியர் ஜாயின்ட் கழற்றிய கதை

கடைசியில் அறுத்துத்தான் எடுத்தேன். இரண்டு ஞாயிற்றுக்கிழமை, ஒரு டப்பா துரு ஸ்ப்ரே, கட்டைவிரல் நகத்தில் பாதி, எல்லாம் அந்த ஒரு போல்ட்டுக்கே போனது.

வண்டி 1999 மாடல் 800, நாலு கியர். ஆறு மாதமாக லீவர் நியூட்ரலில் குழம்புச் சட்டியில் போட்ட கரண்டி மாதிரி ஆடிக்கொண்டிருந்தது. சிக்னலில் ஃபர்ஸ்ட் என்று தள்ளினால் தேர்டில் விழுந்து வண்டி இருமி நின்றுவிடும், பின்னால் நிற்கிற ஆட்டோக்காரர் நம் பரம்பரையையே விசாரிப்பார். ஒரு மெக்கானிக் அடியில் குனிந்துகூடப் பார்க்காமல் "கியர்பாக்ஸ் இறக்கணும் சார்" என்றார். சத்தம் இல்லை, ஓட்டத்தில் கியர் நழுவவும் இல்லை, பிறகு எதற்கு இறக்க வேண்டும்? மகனை உள்ளே உட்காரவைத்து லீவரை ஆட்டச் சொல்லிவிட்டு அடியில் படுத்துப் பார்த்தேன். லீவரிலிருந்து வருகிற கண்ட்ரோல் ஷாஃப்ட் நன்றாகத் திரும்புகிறது, கியர்பாக்ஸ் பக்கத்து ஷாஃப்ட் அசையவே யோசிக்கிறது. நடுவில் இரண்டையும் இணைக்கிற ஜாயின்ட்டின் புஷ் (போல்ட்டைச் சுற்றி உட்காருகிற வளையம்) தேய்ந்து போயிருக்கிறது, அவ்வளவுதான்.

கன்சோல், ரப்பர் பூட், எக்ஸ்டென்ஷன் ராடு நட்டு எல்லாம் அரை மணி நேர வேலை. ஜாயின்ட் போல்ட்தான் வம்பு. நட்டு சுலபமாக வந்தது, போல்ட்டும் சுற்றியது, சந்தோஷப்பட்டேன். சுற்றியதே தவிர வெளியே வரவில்லை. புஷ்ஷுக்குள் இருக்கிற இரும்பு ஸ்லீவும் போல்ட்டும் இத்தனை வருட மழைத் தண்ணீரில் துருப்பிடித்து ஒன்றாகிவிட்டன, ஒன்று திரும்பினால் மற்றதும் கூடவே திரும்புகிறது. சுத்தியல் வீச இடமில்லை, சைலன்சர் பைப் குறுக்கே வருகிறது. பலமாக அடித்தால் அந்த அடி ஷாஃப்ட்டுக்குப் போய் சீல் கெட்டு ஆயில் ஒழுக ஆரம்பித்தால் அது வேறு தலைவலி. ஒரு வாரம் தினமும் ராத்திரி ஸ்ப்ரே அடித்து வைத்தேன். ம்ஹூம். அடுத்த ஞாயிறு ஆக்ஸா பிளேடை ஃபிரேம் இல்லாமல், ஒரு முனையில் துணி சுற்றிப் பிடித்து, ஜாயின்டின் பக்கவாட்டுச் சந்தில் விட்டு, மல்லாந்து படுத்தபடி, இரும்புத்தூள் முகத்தில் கொட்டக் கொட்ட (கண்ணாடி போடாமல் படுத்தது என் புத்தி) அறுத்தேன். ஒரு பக்கத்துக்கு முக்கால் மணி நேரம் ஆனது, மூன்று பிளேடு ஒடிந்தது.

புது புஷ் ஏற்றுவது ஒன்றுமே இல்லை. ஷாஃப்ட்டை வைஸில் வைத்து, ஒரு சாக்கெட்டைப் பின்னால் கொடுத்து இறுக்கினால் சரியாகப் போய் உட்கார்ந்துவிடுகிறது. போல்ட்டுக்கு இந்த முறை கிரீஸை அள்ளிப் பூசினேன்.

800 தயாரிப்பு 2014-இல் நின்றுபோனாலும் சென்னை ஜி.பி. ரோட்டில் புஷ் கேட்டவுடன் எடுத்துக் கொடுத்தார்கள். போல்ட் மட்டும் கிடைக்கவில்லை. அதற்காகப் பழைய வண்டிப் பாகங்கள் விற்கிற புதுப்பேட்டைக்குப் போனவன் சும்மா வராமல் ஒரு ஸ்டீயரிங் வீலையும் தூக்கிக்கொண்டு வந்துவிட்டேன், இன்னும் வீட்டில் காட்டவில்லை.

இப்போது ஃபர்ஸ்ட் ஃபர்ஸ்டிலேயே விழுகிறது. மிச்சம் இருக்கிற கொஞ்ச ஆட்டம் லீவர் அடியில் குண்டு உட்காருகிற பிளாஸ்டிக் சீட்டில் இருக்கிறது. அவ்வளவு தூரம் போயும் அதை வாங்க மறந்தேன். அது வரும்வரை கன்சோலை மூடப்போவதில்லை, அப்புறம் வண்டி எப்படியும் ஸ்டாண்டில்தானே நிற்கிறது, அந்தக் கிளட்ச் கேபிளையும் ஒரு கை பார்த்துவிடலாம் என்று தோன்றுகிறது.