வாதாங்கொட்டைக் காலம்

மே 11

தெருமுனை வாதாம் மரத்தில் பழம் விழ ஆரம்பித்துவிட்டது. நாகப்பட்டினத்தில் கடலை ஒட்டின எங்கள் தெருவில் விடியற்காலையிலேயே போனால்தான் உண்டு, கொஞ்சம் தாமதித்தால் பெருக்குகிறவர்கள் வந்து இலையோடு சேர்த்து எல்லாவற்றையும் குப்பை வண்டியில் ஏற்றிவிடுவார்கள். கலிபோர்னியாவிலிருந்து கப்பலில் வரும் பாதாமைக் காசு கொடுத்து வாங்கி ஊறவைத்துத் தின்கிறோம், வாசலில் விழுகிற பருப்பு குப்பைக்குப் போகிறது. எனக்கு இது தாங்கவே இல்லை. (இரண்டும் ஒரே மரம் இல்லை, உறவுகூட இல்லை, ஆனாலும் பருப்பு பருப்புதான்.)

மஞ்சளாகவோ சிவப்பாகவோ பழுத்துத் தானாக விழுந்ததைத்தான் பொறுக்குகிறேன். பச்சைக்காயைக் கல்லெறிந்து தள்ளினால் உள்ளே பருப்பு முற்றாமல் நீர்த்துக் கிடக்கும். வௌவால் கடித்துப் போட்டது நிறையக் கிடந்தது, சதையெல்லாம் தின்று கொட்டையை மட்டும் சுத்தமாக விட்டிருந்தது, பார்த்தால் ஆசையாகத்தான் இருக்கும். ஆனாலும் தொடவில்லை. 2018இல் கோழிக்கோட்டில் நிபா காய்ச்சல் வந்ததிலிருந்து பழந்தின்னி வௌவால் வாய் வைத்ததை எடுப்பதில்லை என்று வைத்திருக்கிறேன், பிள்ளைகளுக்கும் அதையே சொல்கிறேன்.

மே 12

நல்ல பழமாகப் பார்த்துக் கழுவிச் சதையைத் தின்றோம். புளிப்பும் இனிப்புமாக இருக்கும், கூடவே தொண்டையைப் பிடிக்கிற துவர்ப்பு. சிவப்புச் சதை உள்ளது எனக்குப் பிடிக்கும். கறை மட்டும் ஜாக்கிரதை, துணியில் பட்டால் லேசில் போகாது.

மீதியை மொட்டை மாடியில் பரப்பியாயிற்று. கத்திரி வெயிலுக்கு இதைவிட நல்ல வேலை கிடையாது.

மே 19

சதை கறுத்துச் சுருங்கி நாராகிவிட்டது, கையில் எடுத்தால் கனமே இல்லை. அந்த நாரும் ஓடும் சேர்ந்து தக்கை மாதிரி இருப்பதால்தான் இது கடலில் மிதந்து போய் வேறு கரையில் முளைக்கிறது. பச்சையாக உடைக்கப் பார்த்தால் நார் அடியை வாங்கிக்கொள்ளும், ஓடு நசுங்குமே தவிர பிளக்காது. காயவைப்பது அதற்குத்தான்.

எதிர்வீட்டு ஆயா படியில் உட்கார்ந்து பார்த்துக்கொண்டே இருந்தார், என் பிள்ளை படுக்கைவாக்கில் வைத்துச் சுத்தியலால் போட்டதும் பொறுக்காமல் எழுந்து வந்துவிட்டார். "படுக்கப் போட்டா பருப்பு தூளாப் போயிடும்டா. ஓரத்துல வரப்பு மாதிரி ஓடுது பாரு, அது மேல் பக்கம் வரணும். நிமித்திப் பிடிச்சு அது மேலயே போடு." கருங்கல் ஒன்றை அடியில் வைத்து, கையடக்கமான கல்லால் ஒரே அடி, இரண்டாகப் பிளந்தது. பருப்பு முழுசாக. "ஆயா, இன்னொண்ணு!" என்று அவன் கத்த, அப்புறம் அவர் எழுந்திருக்கவே இல்லை.

பருப்பு சின்னதுதான், சுண்டுவிரல் நீளம்கூட வராது. மேலே மெல்லிய பழுப்புத் தோல், அதை உரித்தால் பாயைச் சுருட்டி வைத்ததுபோல வெள்ளையாக இரண்டு பருப்பிலையும் ஒன்றுக்குள் ஒன்று சுருண்டிருக்கும். விரலால் பிரிக்கலாம். ருசி பாதாமைவிட மென்மை, எண்ணெய்ப்பசை அதிகம், ஏறக்குறைய பாதி எண்ணெய்தான். ஒரு கூடை உடைத்தால் ஒரு கிண்ணம் தேறும், அவ்வளவுதான். ஓட்டில் பொத்தல் இருந்தால் உள்ளே பூச்சி, பூஞ்சை வாடையோ கசப்போ இருந்தால் யோசிக்காமல் தூக்கிப் போட்டுவிட வேண்டும்.

மே 21

மரத்தை வெட்டணும் என்று மறுபடி பேச்சு கிளம்பியிருக்கிறது. வருஷத்தில் இரண்டு தரம் இலை சிவந்து கொட்டுகிறதாம், சாக்கடை அடைக்கிறதாம். 2018 நவம்பரில் கஜா புயல் வேதாரண்யம் பக்கம் கரை ஏறிய ராத்திரி இந்தத் தெருவில் முருங்கையும் வேம்பும் சாய்ந்து கிடக்க, நின்ற மரம் இது. தட்டுத் தட்டாகக் கிளை விட்டு இத்தனை நிழல் தருகிறதை இலைக்காக வெட்டுவதா? அந்த இலையையே மீன் வளர்க்கிறவர்கள் தொட்டித் தண்ணீரில் போடக் காசு கொடுத்து வாங்குகிறார்கள். பசிபிக் கடலில் இருக்கிற வனுவாட்டு, சாலமன் தீவுகளில் இதன் பருப்பை உடைத்துச் சந்தையில் விற்கிறார்கள், அங்கே பெரிய பருப்பு காய்க்கிற மரமாகப் பார்த்துப் பார்த்து வளர்த்துவந்திருக்கிறார்கள். நம் ஊரில் பள்ளிக்கூடப் பிள்ளைகளுக்கு மட்டும்தான் இதன் அருமை தெரிகிறது.

கூட்டத்தில் இதையெல்லாம் சொன்னேன். இலையை நான் கூட்டி வாழைக்குழியில் போடுகிறேன் என்றும் சொன்னேன். ஆயாவும் என் பக்கம் பேசினார். இப்போதைக்கு வெட்டுவதில்லை என்று நிற்கிறது.

மே 25

இரும்புச் சட்டியில் எண்ணெய் விடாமல், சின்னத் தீயில், பருப்பை வறுத்தேன். கண்ணை எடுக்கக் கூடாது, தோல் லேசாகக் கறுத்து வாசனை வந்ததும் இறக்கிவிட வேண்டும், சட்டிச் சூட்டிலேயே மீதி வறுபடும். பாதியைக் கருப்பட்டியோடு இடித்துப் பிள்ளைகளுக்குக் கொடுத்தாயிற்று. மறுபாதியில் காய்ந்த மிளகாய், பூண்டு, கொஞ்சம் புளி, உப்பு வைத்து அம்மியில் துவையல். தேங்காயே வேண்டியதில்லை, அரைக்க அரைக்க எண்ணெய் தானாகக் கசிகிறது. சூடான சோற்றில் பிசைந்து சாப்பிட்டோம், ஆயாவுக்கும் ஒரு கிண்ணம் போனது, உறைப்பு பத்தலை என்றார்.

உடைத்த பருப்பு வெளியில் இருந்தால் சீக்கிரம் காறல் வாடை அடித்துவிடும். அதனால் தேவைக்கு மட்டும் உடைக்கிறேன், மீதி ஓட்டோடு சாக்கில் கட்டிப் பரணில் இருக்கிறது.