டேக்வாண்டோக்காரன் பல கலைப் பள்ளியில் பாடம் எடுத்த ஒரு வருடம்

பதினாறு வருடம் டேக்வாண்டோ என்ற கொரியத் தற்காப்புக்கலை மட்டுமே ஆடிவந்தவன் நான். பிளாக் பெல்ட்டில் மூன்றாம் படியான மூன்றாம் டான் வாங்கிய பிறகு, குத்துச்சண்டை, ஜூடோ, தாய்லாந்தின் முவே தாய் எல்லாம் ஒரே கூரையின் கீழ் நடக்கும் ஒரு தற்காப்புக்கலைப் பள்ளியில் பயிற்சியாளராகச் சேர்ந்தேன். உதை வகுப்பும் சிறுவர் வகுப்பும் என் பொறுப்பு. அங்கே கால் ஊன்ற எனக்கு ஏறக்குறைய ஒரு வருடம் பிடித்தது. அந்த வருடத்தில் எது கைகொடுத்தது, எது காலை வாரியது என்பதை, இதே வழியில் வரப்போகிறவர்களுக்காக எழுதுகிறேன்.

தலைமைப் பயிற்சியாளர் ஜூடோக்காரர். சேர்ந்த அன்றே சொல்லிவிட்டார்: "தம்பி, மூணு மாசம் பக்கத்துல நின்னு பாருங்க. யார் எங்க தடுமாறுறாங்கன்னு எழுதிக்கிட்டு வாங்க. அது போதும்." எனக்கு அது பிடிக்கவில்லை. பாயில் இறங்கி உதைத்துக்காட்டினால் தெரிந்துவிடும் என்ற எண்ணத்தில்தான் போயிருந்தேன். ஆனாலும் நோட்டு வாங்கி எழுத ஆரம்பித்தேன். இரண்டாவது வாரமே அந்த நோட்டில் என் பெயரும் ஏறியது.

குத்துச்சண்டை வகுப்பில் இருந்த ஒருவரோடு இலேசாக ஸ்பாரிங், அதாவது பயிற்சிச் சண்டை, போனேன். முதல் நிமிடத்திலேயே மூன்று முறை முகத்தில் வாங்கினேன். வேகம் குறைவான குத்துகள்தான். நான் பார்க்கவே இல்லை என்பதுதான் என்னை உலுக்கியது. உலக டேக்வாண்டோ விதிப்படி நடக்கும் போட்டியில் முகத்தில் குத்தக் கூடாது. இடுப்புக்குக் கீழே உதைக்கக் கூடாது. நான் ஆடிய போட்டிகளில் உடம்பில் விழும் குத்துக்கு 1 புள்ளி, உதைக்கு 2, தலையில் விழும் உதைக்கு 3. சுழன்று உதைத்தால் அதற்கு மேலும் கிடைக்கும். இப்படி ஒரு கணக்கில் பதினாறு வருடம் வளர்ந்த கண், எதிராளியின் இடுப்பையும் முழங்காலையும்தான் தேடும். கை தானாகவே கீழே தொங்கி விலாவை மூடும். கீழே விழுந்தால் ஒரு காம்ஜோம் என்ற தண்டனை, எதிராளிக்கு 1 புள்ளி. நடுவர் நிறுத்துவார், எழுந்து நிற்கலாம். மேலே ஏறி அமுக்க யாரும் வரமாட்டார்கள்.

இதையெல்லாம் ஒரு விளையாட்டின் விதி என்று நான் நினைத்ததே இல்லை. சண்டை என்றாலே இப்படித்தான் என்று என் உடம்பு நம்பியிருந்தது.

என்னோடு முடிந்திருந்தால் பரவாயில்லை. என்னிடம் இரண்டு மாதம் உதை பழகிய ஒரு பையன் குத்துச்சண்டை வகுப்புக்குப் போனபோது, கையை இடுப்பில் வைத்துக்கொண்டு நின்றிருக்கிறான். அந்தப் பயிற்சியாளர் என்னிடம் வந்து, "கையை எறக்கி நிக்கச் சொல்லித் தந்தீங்களா?" என்று மெதுவாகத்தான் கேட்டார். நான் சொல்லித் தரவில்லை. "கையைத் தூக்கு, கையைத் தூக்கு" என்றுதான் வகுப்பு முழுக்கச் சொல்லியிருந்தேன். அன்று இரவு போனை ஓர் ஓரத்தில் நிறுத்தி நான் உதைப்பதைப் பதிவு செய்து பார்த்தேன். வாய் சொல்லிக்கொண்டிருக்க, செய்துகாட்டும்போது என் இரண்டு கையும் தொடையோடு இறங்கிக் கிடந்தன. பையன் என் வாயைக் கேட்கவில்லை, என் உடம்பைப் பார்த்திருக்கிறான். இதைப் படிக்கிறவர்கள் வேறு எதைச் செய்யாவிட்டாலும் இதை ஒருமுறை செய்து பாருங்கள்: நீங்கள் பாடம் எடுப்பதைப் பதிவு செய்து, சத்தத்தை அணைத்துவிட்டுப் பாருங்கள். பிள்ளைகள் கற்றுக்கொள்வது அதைத்தான்.

அதற்குப் பிறகு நான்கு மாதம் குத்துச்சண்டை வகுப்பின் கடைசி வரிசையில் மாணவனாக நின்றேன். ஜூடோ வகுப்பில் விழக் கற்றேன்: மோவாயை நெஞ்சோடு சேர்த்து, முதுகை வளைத்து, கையால் பாயை அடித்து விழுவது. டேக்வாண்டோவிலும் விழும் பயிற்சி இல்லாமல் இல்லை. ஆனால் நான் வளர்ந்த வகுப்பில் அதற்கு யாரும் நேரம் ஒதுக்கவில்லை. இப்போது என் சிறுவர் வகுப்பில் முதல் பாடமே விழுவதுதான். உதைப்பவன் ஒற்றைக்காலில் நிற்பவன், முதலில் விழப்போவது அவன்தான் என்று பெற்றோரிடம் சொன்னால் உடனே புரிந்துகொள்கிறார்கள்.

இனி, கைகொடுத்ததைச் சொல்கிறேன். என்னிடம் இருந்த பெரிய சொத்து உதை அல்ல, உதையைப் பிரித்துக் காட்டும் பழக்கம். நாற்பதைத் தாண்டிய ஒரு பெண்மணி முவே தாய் வகுப்பில் ஆறு மாதம் இருந்துவிட்டு, ஒவ்வொரு வகுப்புக்குப் பிறகும் இடது முழங்கால் வலிக்கிறது என்று விட்டுவிடும் நிலையில் என்னிடம் வந்தார். வலது காலால் வளைத்து உதைக்கச் சொன்னேன். உதை நன்றாகவே இருந்தது. எல்லாரும் பார்ப்பது உதைக்கும் காலை. நான் ஊன்றிய காலைப் பார்த்தேன். இடுப்பு முழுக்கத் திரும்பியும் இடது பாதம் நேராகவே ஒட்டிக்கொண்டு நின்றது. திரும்ப வேண்டிய திருகல் எல்லாம் நடுவில் இருக்கும் முழங்காலில் இறங்கிக்கொண்டிருந்தது.

எங்கள் தொல்யோ சாகியை, அதாவது வளைந்த உதையை, அப்படியே நான்காக வெட்டி, கொரிய மொழியில் ஒன்று முதல் நான்கு வரை எண்ணினேன். சுவரைப் பிடித்துக்கொண்டு, ஹனா: முழங்காலைத் தூக்கு. துல்: ஊன்றிய பாதத்தின் முன்பகுதியில் சுழன்று, குதிகால் இலக்கைப் பார்க்கட்டும். செட்: காலை நீட்டு. நெட்: அதே வழியில் மடக்கு. இரண்டு வாரம் 'துல்' மட்டும்தான். உதையே கிடையாது. "மாஸ்டர், உதைக்கவே விடமாட்டீங்களா?" என்று சலித்துக்கொண்டார். மூன்றாவது வாரம் சுவரை விட்டு வந்து உதைத்தபோது வலி இல்லை என்றார். அன்றைக்கு எனக்கு வந்த நிறைவு, பிளாக் பெல்ட் வாங்கிய அன்றுகூட வரவில்லை.

ஆனால் மடக்கி இழுக்கும் அந்த நான்காவது எண்ணை முவே தாய்க்காரர்கள் மேல் திணித்தது என் தவறு. அவர்களுடைய உதை முழங்காலுக்குக் கீழே உள்ள எலும்பால் விழுவது, இடுப்பின் எடையோடு உள்ளே போவது. எங்களுடையது பாதத்தின் மேற்புறத்தால் தொடுவது. அதில் ஒரு பாத நீளம் கூடுதல் எட்டும், வேகமாகத் திரும்பும். ஆனால் அங்கே உள்ளவை சின்னச் சின்ன எலும்புகள். காப்பு இல்லாமல் எதிராளியின் முழங்கையில் பட்டால் வாரக்கணக்கில் நொண்ட வேண்டிவரும். இப்போது இரண்டையும் அடுத்தடுத்துச் செய்துகாட்டி, எந்தத் தூரத்துக்கு எது என்று சொல்கிறேன். தூரத்தைப் படிப்பதில் மட்டும் டேக்வாண்டோக்காரர்களிடம் எல்லாரும் கற்றுக்கொள்ள நிறைய இருக்கிறது. என் முகத்தில் மூன்று முறை அடித்த அதே குத்துச்சண்டைக்காரர், முன்காலைத் தூக்கி இடுப்பில் நிறுத்தும் என் தடுப்பைத் தாண்டி உள்ளே வர ஒரு மாதம் போராடினார்.

எதிராளி இல்லாமல் தனியாக வரிசைப்படி செய்யும் அசைவுகளான பூம்சே விஷயத்தில்தான் மனசு நிறையக் கஷ்டப்பட்டது. "இது சண்டைக்கு எதுக்கு?" என்று பெரியவர்கள் கேட்டபோது முதலில் கோபம்தான் வந்தது. பிறகு தேகுக் என்ற வரிசையின் எட்டு பூம்சேக்களையும் ஒரு பயிற்சியாளனின் கண்ணோடு மறுபடி செய்து பார்த்தேன். முதலாவதில் அப் சாகி என்ற நேர் உதை மட்டும். பக்கவாட்டு உதை நான்காவதில்தான் வருகிறது. போட்டியில் எல்லாரும் அதிகம் பயன்படுத்தும் வளைந்த உதையோ ஆறாவது வரை காத்திருக்க வேண்டும். ஊன்றிய கால் திரும்பப் பழகாதவனிடம் அந்த உதையைக் கொடுக்காதே என்றுதான் நான் அதைப் படித்தேன். அந்தப் பெண்மணியின் முழங்கால் என் கண் முன்னால் வந்தது. பெரியவர்களுக்கு இப்போது பூம்சே சொல்லித்தருவதில்லை. அந்த வரிசையை மட்டும் வைத்துக்கொண்டேன். சிறுவர்களுக்கு முதலாவதை முழுதாகச் சொல்லித்தருகிறேன், அவர்கள் அதை ஆசையாகவும் செய்கிறார்கள்.

"எங்கள் கலையில் இப்படித்தான்" என்று சொல்வதையும் நிறுத்திவிட்டேன். டேக்வாண்டோ என்ற பெயரே 1955இல் வந்தது. அதற்கு முன் கொரியாவில் தனித்தனிப் பள்ளிகளாக இருந்தவற்றைத் தொடங்கியவர்களில் பலர் ஜப்பானில் கராத்தே கற்றவர்கள். டேக்வாண்டோவின் தலைமையகமான குக்கிவோன் திறந்தது 1972இல், ஒலிம்பிக்கில் பதக்க விளையாட்டாக ஏறியது 2000 சிட்னியில். ஒரு மனித ஆயுளுக்குள் இவ்வளவு மாறிய கலையின் பெயரால் இன்னொருவர் முறையை மறுக்க எனக்கு வாய் வரவில்லை.

ஒன்றை மட்டும் என் பழைய வகுப்பிலிருந்து கொண்டுவரவே இல்லை. பன்னிரண்டு வயதில் காலை விரித்து உட்காரவைத்து, தோளில் ஏறி அழுத்தினார்கள். உள்தொடையில் ஏதோ அறுந்த மாதிரி வலி. பல மாதம் அந்தக் காலைத் தூக்க முடியவில்லை. அழுதால் பலவீனம் என்றார்கள். என் வகுப்பில் யாரும் யாரையும் அழுத்தக் கூடாது. தொடக்கத்தில் காலை வீசி உடம்பைச் சூடாக்குவதோடு சரி. நீட்டிப் பிடித்து நிற்பதெல்லாம் வகுப்பு முடிவில், அவரவர் எல்லைக்குள். குனிந்து வணங்கிவிட்டு ஜோடிப் பயிற்சி தொடங்கும் பழக்கத்தை வைத்துக்கொண்டேன். தண்டனைத் தண்டால்களை எடுத்துவிட்டேன்.

இப்போதும் களைத்துவிட்டால் என் கை இறங்கும். பதினாறு வருடப் பழக்கம் ஒரு வருடத்தில் போய்விடாது. அதனால் வகுப்பில் யார் கண்டாலும் "மாஸ்டர், கை" என்று குரல் கொடுக்கலாம் என்று சொல்லிவைத்திருக்கிறேன். முதலில் யாருக்கும் தைரியம் வரவில்லை. போன வாரம் பத்து வயதுப் பெண் ஒருத்தி கடைசி வரிசையிலிருந்து சத்தமாகவே சொன்னாள். கையைக் கன்னத்துக்குத் தூக்கிக்கொண்டு அந்த உதையை மறுபடி முதலிலிருந்து காட்டினேன்.